ஒரு துவக்கு, இரண்டு குழல்

நல்ல பெயருக்கு விலையே கிடையாது என்று எங்கள் பள்ளிவாசல் லெப்பை அடிக்கடி சொல்வார். பாவம், அவர் கடை வைத்துப் பார்த்ததில்லை. என் நல்ல பெயர் போன வாரம் பதினேழு ரூபாய் ஐம்பது சதத்துக்கு விலைபோனது. நான் கேட்டது இருபத்தைந்து. பேசிப் பேசி இறக்கியவர் நீங்கள்தான், இன்ஸ்பெக்டர் திருச்செல்வம் ஐயா. யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கடை வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அது பொய்யாகப் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். அப்படிப் பேரம் பேசக்கூடிய மனிதரைப் பொலிஸில் வைத்து வீணடிக்கிறார்கள்.

மூன்று மணி ரயிலில் இந்த வாக்குமூலம் கொழும்புக்குப் போயாக வேண்டும் என்கிறீர்கள். ராஜலிங்கம் கங்காணி போகம்பரைச் சிறையில் வெள்ளிக்கிழமை காலைக்காக உட்கார்ந்திருக்கிறார். கவர்னர் தடுத்தால்தான் கயிறு நிற்கும். எல்லாம் தெரியும். ஆனால் இப்போது ஒரு மணிகூட ஆகவில்லை. தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள். அவசரமாக வந்தவருக்கு நான் இதுவரை நியாய விலை சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் பெயர் ஸாலிலெப்பை. ஊர் மடவளை, கடை கண்டி கொழும்பு வீதியில். தேயிலை விலை விழுந்த பிறகு தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள் அல்லவா, அவர்கள் விட்டுப்போகிற கதிரை, அலுமாரி, பியானோ, சிறுத்தைத் தோல், அதைச் சுட்ட துவக்கு எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்து விற்பது என் தொழில். துவக்கு விற்க லைசென்ஸ் உண்டு. ஒரு துரையின் பொய்ப்பல் வரிசையைக்கூட விற்றிருக்கிறேன். வாங்கிய புறக்கடர் வக்கீல் ஐயாவுக்கு அச்சாகப் பொருந்தியது. சிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் இங்கிலீஷ்காரச் சாயல் அடித்தது. அதற்கு நான் தனியாகக் காசு கேட்கவில்லை.

என் கடையில் ஒரே ஒரு சட்டம். 'இல்லை' என்ற சொல்லைக் கடைக்குள் யாரும் சொல்லக்கூடாது. வாப்பா காலத்துச் சட்டம் அது. கேட்ட சாமான் இருந்தால் இருக்கிறது. இருக்காவிட்டால் 'வரும்', 'நாளைக்குப் பார்ப்போம்', 'அதைவிட நல்லது ஒன்று இருக்கு, உக்காருங்க.' அந்தச் சொல் வாசற்படி ஏறினால் செழிப்பு, பரக்கத் எல்லாம் பின்பக்கத்தால் இறங்கிப் போய்விடும். சின்ன வயதிலேயே கடைக்குள் என் நாக்கு அதை மறந்துவிட்டது. ஒருநாள் பிச்சைக்காரன் ஒருவன் வந்து கையேந்த, சில்லறை கையில் இல்லாமல் 'வரும்' என்று சொல்லிவிட்டேன். மனுஷன் பின்நேர அஸர் தொழுகை வரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஹபீலுக்கு இந்தச் சட்டம் ஏறவே இல்லை.

ஹபீல் என் தங்கை அனீஸாவின் மாப்பிள்ளை. கடையில் பாதிப் பங்கு அவனுடையது. குடியில்லை, சூதில்லை, ஒரு வக்துத் தொழுகை தவறியதில்லை. குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: வாங்கின விலையைச் சொல்லிவிடுவான். கேட்டால் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; இவன் கேட்காமலே சொல்வான். ஒரு நோனாவிடம் சுவர் மணிக்கூட்டுக்கு நாற்பது ரூபாய் சொல்லி, அது எந்தத் துரையின் எந்தக் கொள்ளுப்பாட்டனுடையது என்று கதையைக் கட்டி, அவள் பணப்பையைத் திறக்கிற நேரம் பார்த்து இவன் பக்கத்தில் வந்து நின்றான். "மச்சான் இத நாலு ரூபாய்க்குத்தான் ஏலத்துல எடுத்தாங்க, நோனா. அதோட, மழைக்காலத்துல ஓடாது." அந்த நேரம் பார்த்து அந்தப் பாழாய்ப்போன மணிக்கூடும் பன்னிரண்டுக்குப் பதில் ஐந்து அடித்தது.

பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். கடைசியில், "ஹராமான காசு வயித்துல நிக்காது, மச்சான்" என்றான். என் வயிற்றில் அது முப்பது வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவன் சிரித்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தான்.

இப்போது ராஜலிங்கம் கங்காணிக்கு வருகிறேன். மணியைப் பார்க்க வேண்டாம். ஒரு காலத்தில் மடுல்கெல்லத் தோட்டத்தில் கங்காணி. பிறகு கடுகண்ணாவையில் கல்லுடைக்கிற மலையைக் குத்தகைக்கு எடுத்தார். கூலிக் காசு கொண்டுபோகப் பாதுகாப்பு வேண்டும் என்று என்னிடம்தான் ஒரு ஜேர்மன் கைத்துவக்கு வாங்கினார், ஒன்பது மில்லிமீற்றர், லைசென்ஸோடு. கல் வண்டி ஓட்டப் பழைய தண்டவாளமும் என்னிடம்தான் வாங்கினார், அறுநூறு ரூபாய்க்கு. நல்ல தண்டவாளம். எனக்கு நூற்றியெண்பதுக்கு வந்தது. அதை அவரிடம் தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொன்னவன் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மனிதர் நேரே கடைக்கு வந்தார். வீதியெல்லாம் கேட்க, "இந்தக் கடையில ஒருத்தனையாச்சும் சுட்டாத்தான் எம் மனசு ஆறும்" என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பிளேன் டீ வரவழைத்தேன். குடித்தார், தணிந்தார், போகும்போது டீக்காசை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கோபக்காரர், ஆனால் கணக்கான மனிதர். எல்லோரும் அந்தப் பேச்சை அன்றைக்கே மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. ஏலத்தில் சில நேரம் எதற்கென்றே தெரியாத ஒரு திருகாணி கிடைக்கும், எடுத்து வைத்துவிடுவேன். என்றைக்காவது அதற்குரிய ஓட்டை வந்து சேரும்.

ஓட்டை மடுல்கெல்லவிலிருந்தே வந்தது. ஒரு துரையின் பங்களாவில் ஏலம். பல்சாமான் பெட்டி ஒன்றை மூன்று ரூபாய்க்கு எடுத்தேன். குதிரைக் கடிவாளம், தூண்டில் சுருள், பாதி எரிந்த மெழுகுவர்த்தி, அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு குழல். ஜேர்மன் கைத்துவக்கின் குழல். ஒன்பது மில்லிமீற்றர்.

கடையில் என் சொந்தக் கைத்துவக்கும் அதே ஜேர்மன்காரன் செய்ததுதான். ஆனால் வாய் சின்னது, ஏழேமுக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. லைசென்ஸிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சும்மா ஒரு ஆசைக்கு வைத்துப் பார்த்தேன், ஐயா. சின்னக் குழலைக் கழற்றி இந்தக் குழலைப் பூட்டினேன். பெண்ணும் மாப்பிள்ளையும் போலப் பொருந்திவிட்டது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு வகைத் தோட்டாவுக்கும் அடிப்பருமன் ஒன்றுதான். சின்னதுக்குக் கழுத்து மட்டும் ஒடுங்கியிருக்கும். அந்தக் கெட்டிக்காரன் அதைப் பார்த்துத்தான் செய்திருக்கிறான்: தோட்டா அடுக்குகிற பெட்டி அதே, விசை அதே, பிடி அதே, குழல் ஒன்றை மாற்றினால் துவக்கே வேறு. ஒன்றை வாங்கினால் இரண்டு. இதைத்தானே ஒவ்வொரு வியாபாரியும் தூக்கத்தில் காண்கிறான். அந்த ஜேர்மன்காரன் முன்னால் இருந்திருந்தால் கையைப் பிடித்து முத்தியிருப்பேன்.

சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. ஹபீலைக் கூப்பிட்டுக் காட்டினேன். கழற்றினேன், பூட்டினேன், மறுபடி கழற்றினேன். சின்னப் பிள்ளை மாதிரி அவனும் பார்த்தான். பிறகு சொன்னான்: "இத லைசென்ஸுல எழுதணும், மச்சான். திங்கக்கிழம கவர்மெண்டுக் கச்சேரிக்குப் போய் நானே சொல்லிட்டு வாறேன்."

'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், இது ஒரு குழலோடு நிற்கிற விஷயமா? இன்றைக்குக் குழல், நாளைக்குத் தண்டவாளம், மறுநாள் மணிக்கூடு. அவனுக்கு வயது முப்பத்திரண்டு. அவனுடைய வாப்பா தொண்ணூறு வரைக்கும் இருந்தவர். அறுபது வருஷம் வாங்கின விலையைச் சொல்லிக்கொண்டே இருந்தால் எந்தக் கடை நிற்கும்? நான் கோபப்படவில்லை. கோபத்தில் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் எப்போதும் நட்டத்துக்கே விற்பார்கள்.

"சொல்லுவோம்" என்றேன். "அதுக்கு முந்தி நீங்க ஒரு வேலை செய்யணும். கங்காணிக்கிட்டக் கூட எடுத்த நானூத்தியிருபதையும் சனிக்கிழம கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. எனக்கு மனசு கேக்கல்ல."

அவன் என்னைக் கட்டிப்பிடித்தான், ஐயா. கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அனீஸா வட்டிலப்பம் செய்து அனுப்பினாள், கூடப்பிறந்த காக்கா திருந்திவிட்டார் என்று. மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். அவள் கைப்பக்குவம் யாருக்கும் வராது.

அந்த நானூற்றியிருபது ரூபாய்தான் என் ஆயுளில் நான் திருப்பிக் கொடுத்த ஒரே காசு. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அன்று மத்தியானமே அவன் மடியிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது.

கடுகண்ணாவையில் மத்தியானம் வெடி வைப்பார்கள். சிவப்புக் கொடி ஏறினால் ஆட்களெல்லாம் பாறைக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துவிடுவார்கள். திரிக்குத் தீ வைப்பது கங்காணி. வைத்துவிட்டு அவர் மட்டும் தனியாக வேறொரு பக்கம் ஒதுங்குவார். கொடி இறங்கும்வரை யாரும் நிமிர்வதில்லை; கல் பறக்கும். தண்டவாளம் இறக்கிய நாளில் இதையெல்லாம் நான் நின்று பார்த்திருக்கிறேன். ஹபீல் கொடி இறங்கட்டும் என்று பாதையோரப் பலாமரத்தடியில் நின்றிருந்தான். நான் ரயில் பாதைப் பக்கமாக ஏறிப் போனேன்.

என்னைக் கண்டதும் அவன் முகம் எப்படி மலர்ந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "மச்சான், நீங்களும் வந்திட்டீங்களா? அல்ஹம்துலில்லாஹ். நீங்களே உங்கட கையால குடுங்க, அதுதான் அழகு."

முதல் வெடி. இரண்டாவது வெடி. மூன்றாவதோடு நானும் என் வேலையை முடித்தேன். அவன் சந்தோஷமாகத்தான் போனான். இவ்வளவு சந்தோஷமாக எத்தனை பேர் மௌத்தாகிறார்கள்? அதை என் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள், ஐயா. ரயிலுக்கு நேரமாகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

அஸருக்கு முன் கண்டிக்கு வந்து சின்னக் குழலைப் பூட்டிவிட்டேன். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். உடம்பிலிருந்து எடுத்த குண்டு ஒன்பது மில்லிமீற்றர். இந்தப் பக்கத்தில் அந்த அளவுக்கு லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆள் ராஜலிங்கம் கங்காணி. அவர் வீதியில் நின்று சொன்ன பேச்சைப் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நினைவுபடுத்திக்கொண்டார்கள். நான் ஞாபகமூட்டவே வேண்டியிருக்கவில்லை. என் துவக்கையும் பொலிஸில் வாங்கிப் பார்த்தார்கள். குண்டைக் குழல் வாயில் வைத்தார்கள். குண்டின் நுனி எட்டிப் பார்த்ததே தவிர உள்ளே போகவில்லை. மன்னிப்புக் கேட்டுத் திருப்பித் தந்தார்கள்.

வழக்கில் என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள், துவக்கு தெரிந்தவன் என்று. மேசையில் என் கைத்துவக்கை வைத்து, இந்தக் குண்டு இந்தக் குழலால் வெளியே வர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். அந்தக் குழலால் எப்படி வரும்? முழு வழக்கிலும் நான் ஒரு பொய் சொல்லவில்லை. ஜூரியில் இருந்த ஒரு துரை, சாட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வெளியே சொன்னாராம். அடுத்த மாதம் என்னிடம் வந்து ஒரு கண்ணாடி அலுமாரியும் வாங்கினார்.

செத்த மாப்பிள்ளைக்காக அனீஸா வீட்டுக்குள் இத்தா இருந்து முடியும்வரை ஹபீலின் பங்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நான்கு மாதம் பத்து நாள். அதற்கு அடுத்த நாள்தான் பேசினேன். பாதி விலைக்கு வாங்கிக்கொண்டேன். காக்கா இல்லாவிட்டால் தனக்கு யார் என்று அழுதாள். எனக்கும் மனம் இளகி, இன்னும் ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் கங்காணியின் பெண்சாதி பாலம்மா கடைக்கு வந்தாள். அப்பீல் பேசுகிற அப்புக்காத்துக்குக் கொடுக்கக் கழுத்து அட்டியலை விற்க வேண்டுமாம். நிறுத்துப் பார்த்தேன். அட்டியல் நல்லது, ஆனால் விற்கிறவளுக்குக் காசு அவசரம். அதற்கேற்ற விலை சொன்னேன். வாங்கிக்கொண்டாள். போகாமல் நின்றாள். "மொதலாளி, அவரு செய்யலேன்னு ஒங்க மனசுக்குத் தெரியும். பெரிய எடத்துல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்களா?"

கடைக்குள் நின்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? "சொல்லுவோம், தங்கச்சி" என்றேன். "நாளைக்கு வாங்க." வந்தாள். மறுநாளும் வந்தாள். பத்துப் பதினைந்து தடவை வந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் 'நாளைக்கு' என்றேன். ஒரு தடவையாவது அவளை வெறுங்கையோடு திருப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது, நம்பிக்கையோடுதான் போவாள்.

அப்பீலும் தோற்றது. அந்த அம்மாள்தான் உங்களிடம் சொன்னாளாம்: "அந்தக் கடையில இல்லேங்கிற வார்த்தையே வராதுங்க, சார்." நீங்கள் அப்போது குண்டைப் பூதக்கண்ணாடியில் வைத்து, அதில் விழுந்த கோடுகளுக்கும் கங்காணியின் துவக்கு போடுகிற கோடுகளுக்கும் ஒத்துவரவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்பது மில்லிமீற்றர்க் குழல் இன்னொன்று எங்கோ இருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பெண் தெரியாமலே வழியைக் காட்டிவிட்டாள்.

அந்தக் குழலை ஏன் வைத்திருந்தேன் என்று கேட்டீர்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இரண்டு தடவை போய் நின்றேன், ஐயா. மகாவலி கீழே ஓடுகிறது. குழலைத் துணியிலிருந்து எடுத்தேன். துருவில்லை, கீறலில்லை, நீலம் பாய்ந்த இரும்பு வெயிலில் பளபளத்தது. மூன்று ரூபாய்ப் பெட்டியில் வந்த சாமான், குறைந்தது இருபது போகும். அதை எப்படி ஆற்றில் போடுவது? நல்ல சாமானை வீசுகிற கை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. திரும்பக் கொண்டுவந்து எண்ணெய் போட்டு வைத்தேன்.

போன வாரம் நீங்கள் வந்தீர்கள். சுருட்டு, சால்வை, தங்கப்பல் சிரிப்பு. "முதலாளி, உந்த ஜேர்மன் கைத்துவக்குக்கு ஒன்பது மில்லிமீற்றர்க் குழல் ஒண்டு வேணும். இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ, நான் கொழும்புக்குப் போறன்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல். என் உயிர் அந்தச் சொல்லில் இருக்கிறது. வாயைத் திறந்தேன். 'இ' வரைக்கும் வந்துவிட்டேன். பக்கத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், வாப்பாவின் படம் சுவரில் தொங்குகிறது. "இருக்கும்" என்றேன். "உக்காருங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கொண்டுவந்து காட்டியதும் நீங்கள், "உது பழசு, பத்துக்குத் தாறியளோ?" என்றீர்களே. பத்தா? அதற்குப் பிறகு எனக்கு ஹபீலும் தெரியவில்லை, கங்காணியும் தெரியவில்லை. ஒரு மணித்தியாலம் என்ன அழகான பேரம். நீங்கள் இரண்டு தடவை எழுந்து போனீர்கள், நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். புதுச் சாமான், ஒரே ஒரு தோட்டாதான் போயிருக்கிறது என்று நானே சொன்னேன். அப்போது உங்கள் முகத்தில் ஏதோ அசைந்தது. விலை கூட்டப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதினேழரைக்கு முடித்தோம். பதினைந்து தந்தீர்கள், மிச்சம் பிறகு என்றீர்கள். மறுநாள் மிச்சத்துக்குப் பதில் விலங்கு வந்தது.

அவ்வளவுதான். ஹபீலைச் சுட்டது நான். கங்காணி செய்யாத காரியம் அது. எழுதிவிட்டீர்களா? பேனாவைத் தாருங்கள்.

இதோ, கையெழுத்தும் போட்டாயிற்று. எட்டிப் பிடிக்காதீர்கள்; தாள் என் உள்ளங்கைக்கு அடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. "உமக்குக் கொஞ்சமாவது மனவருத்தம் இருக்கோ?" என்று கேட்டீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். உள்ளே பார்க்க வேண்டும், ஐயா. வரும். நாளைக்குக் கேளுங்கள்.

அடுத்தது, அந்த இரண்டரை ரூபாய்.

பற்களைக் கடிக்க வேண்டாம். ரயிலுக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருக்கிறது, ஸ்டேஷன் பக்கத்தில்தான். நன்றி. ஆனால் இது ஐந்து ரூபாய்த் தாள் அல்லவா? சில்லறை வைத்திருக்கவில்லையா? என் மடியை உங்கள் ஆட்கள் நேற்றே காலி பண்ணிவிட்டார்கள். நில்லுங்கள், ஐயா, மீதி, அட, வாக்குமூலத்தை உருவிக்கொண்டு ஓடிவிட்டாரே.

மூலையில் உட்கார்ந்திருக்கிற ரைட்டர் தம்பி, இனி நீங்கள் எழுதுங்கள், உங்கள் பெரியவர் ரயிலைப் பிடிக்கட்டும். கடனோடு மௌத்தானால் கபுறில் நிம்மதி கிடைக்காது. அந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஹபீல் போனான், அவன் பங்குக்கு அனீஸாவிடம் காசு கொடுத்தாயிற்று, அது நேர். கங்காணி வெளியே வருகிறார், நான் உள்ளே போகிறேன். ஆளுக்கு ஆள், அதுவும் நேர். பாலம்மாவுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லியாயிற்று, அதுவும் நேர். குழல் பதினேழு ஐம்பது, வந்தது இருபது. இன்ஸ்பெக்டர் திருச்செல்வம் ஐயாவுக்கு ஸாலிலெப்பை தர வேண்டியது இரண்டு ரூபாய் ஐம்பது சதம், அனீஸா கொடுத்துவிடுவாள். இந்த உலகத்தில் நான் பட்ட கடன் அது ஒன்றுதான்.